டிக்டாக் சேலைக்கு ஒரு பெர்மிட்

இணையத்தில் அறிவித்துக் கூட்டம் சேர்க்கும் வியாபாரிகளுக்கு நகராண்மைக் கழகத்தில் பெர்மிட் கொடுப்பது என் வேலை. கவுண்டருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தவராக இருந்தாலும், விண்ணப்பப் பாரம் நிரப்பி நொந்தவர் என்றால் நீங்களும் என் கட்சிதான்.

இடம்

மேகலா, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை போன பிறகு கைப்பேசியில் லைவ் போட்டுச் சேலை விற்பவர். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மண்டபத்தில் நேரடி விற்பனை என்று ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டு, அதன் பிறகு பெர்மிட் கேட்டு வந்தார். எல்லாரும் இந்த வரிசையில்தான் வருவார்கள்.

வாங்கி அடுக்கிய சேலை அத்தனையும் அந்த ஒரு நாளில் போனால்தான் உண்டு. தீபாவளி முடிந்தால் சீண்ட ஆளிருக்காது. பாரத்தில் ‘நிகழ்ச்சி இடம்’ என்ற கட்டத்தில் டிக்டாக் என்று எழுதியிருந்தார். மண்டபத்தின் பெயரை எழுதச் சொன்னேன்.

“மண்டபத்துல இப்ப யாரும் இல்ல சார். எல்லாரும் டிக்டாக்லதான் இருக்காங்க.”

நாலாயிரம் பேர்

‘எதிர்பார்க்கும் வருகை’ என்ற கட்டத்தில் நாலாயிரம். அறிவிப்புக்குக் கீழே ‘வருகிறேன்’ என்று அழுத்தியவர்கள் அத்தனை பேராம். நாலாயிரம் என்றால் போலீஸ் கடிதம், தீயணைப்புத் துறையான போம்பாவிடம் ஒரு கடிதம், ஆம்புலன்ஸ் எல்லாம் வேண்டும். மண்டபமோ நூறு பேருக்கானது. என் மேலதிகாரி என்சிக் ரோஸ்லான் மனுவை அப்படியே ஒதுக்கி வைத்தார். எண்ணைக் கேட்டோம், மேகலா உள்ளதை எழுதினார். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் பாரத்தைப் பார்த்தால் எரிச்சலாகவும் இருந்தது.

“‘வர்றேன்’னு சொன்ன சொந்தக்காரங்கள்ல பாதி பேரு என் கல்யாணத்துக்கே வரல சார்.”

பச்சைத் திரை

நிஜமாக வருகிறவர்களின் பெயர்ப்பட்டியல் நூறுக்குள் இருந்தால் பார்க்கலாம் என்றார் ரோஸ்லான். மேகலா கவுண்டரிலேயே லைவ் போட்டு, நெசமாவே வர்றவங்க மட்டும் பேரு போடுங்க லா என்றார். ஆபீஸில் லைவ் போடக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை; தேடிப் பார்த்தேன். அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் உள்ளே கூடாது என்ற நிபந்தனையோடு ரோஸ்லான் கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பின்னால் ஆபீஸ் ஜன்னல் திரை தொங்கியது. லைவில் ஓர் அம்மா கேட்டிருந்ததை மேகலா எனக்கு வாசித்துக் காட்டினார்.

“அந்த சார் பின்னால இருக்கிற பச்சை, பார்டர் இல்லாம என்ன விலை?”

தலை எண்ணிக்கை

விற்பனை அன்று தலை எண்ண என்னை அனுப்பினார்கள். காலை முழுக்க மழை. மதியம்வரை பதினொரு பேர். மேகலா மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மேல், ஷிப்ட் முடிந்த தொழிற்சாலை பஸ்கள் வாசலில் வந்து நின்றன. சீருடையோடு இறங்கியவர்கள் அவருடைய பழைய தோழிகள். பின்னாலேயே மோட்டார்சைக்கிள்கள். நூறு ஆனதும் நான் எண்ணுவதை விட்டுவிட்டு வாசலில் நின்று, ஒருவர் வெளியே வந்தால் ஒருவரை உள்ளே விட்டேன். ஆறு மணிக்கு மேசை காலி. எனக்கே சேலை விற்ற மாதிரி சந்தோஷம். இவர்கள் யாரும் பட்டியலில் இல்லையே என்று கேட்டேன்.

“அவங்க வேலை நேரத்துல போன் பாக்க முடியாது சார். பஸ் டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லிவிட்டேன்.”

பஸ் டிரைவர் மூலம் கூட்டம் சேர்ப்பதற்கு எங்களிடம் இன்னும் பாரம் இல்லை.