சந்தனம் பூசிய செயின்சா

போன வாரம் எங்கள் புளோக்குக்குக் கீழே மரம் வெட்டினார்கள். காரிடாரில் நின்று வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "இப்ப உள்ள செயின்சா எல்லாம் பொம்மை லா. அந்தக் காலத்து மெஷின் சத்தம் போட்டா பத்தாவது மாடி வரைக்கும் கேக்கும். அதான் மெஷின்!" என்றார். நான் உள்ளே வந்து கதவைப் படாரென்று சாத்தினேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்? ஆனால் பழைய செயின்சாவைப் பற்றி யார் பெருமை பேசினாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு காலத்தில் அந்தப் பெருமையை என்னைப் போல் யாரும் பேசியதில்லை.

என் அப்பா மரம் வெட்டுகிறவர். அவரும் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பியும், ஒரு பழைய லாரியை வைத்துக்கொண்டு பங்களா வீடுகளில் கிளை கழிக்கும் வேலை செய்தார்கள். நாங்கள் உட்லண்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவின் செயின்சா சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும். சாம்பாரிலும் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று அம்மா தினமும் புலம்புவார். வண்ணம் உரிந்து, கைப்பிடியில் ரப்பர் குழாய் சுற்றிய கிழட்டு மெஷின் அது. ஓடும்போது அப்பாவின் கன்னச் சதையே குலுங்கும். அதை அடக்கிப் பிடிப்பது பெரிய வீரம் என்று நான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஏர்கான் ஆகாது. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொள்வார். சில நாள் காலையில் அவர் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். கேட்டால், "மரத்துப் பால் பட்டிருச்சு" என்பார். தே குடிக்கும்போது தேநீர்க் குவளையை முதலில் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். அதுவும் ஒரு ஸ்டைல் என்று நானும் என் மைலோ குவளையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆயுத பூஜை நெருங்கிய சமயத்தில் மாமா ஒரு புது செயின்சாவை வாங்கிக்கொண்டு வந்தார். எடை குறைவு. ஒரே இழுப்பில் கிளம்பும். கட்டையில் வாள் எகிறினால் சங்கிலியை உடனே நிறுத்த முன்னால் ஒரு பிரேக். கைப்பிடிக்குள் ஸ்பிரிங் இருப்பதால் ஆட்டம் கைக்கு வராது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர்போல் மாமா அதன் குணங்களை அடுக்கிக்கொண்டே போனார். அப்பா அதை லாரி நிறுத்தும் இடத்துக்குக் கொண்டுபோய் ஒரு கட்டையை அறுத்துப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"வேணாம் மாப்ள. இது ஓடுதா இல்லையான்னே எனக்குத் தெரியல."

"அதுக்குத்தானே அத்தான் வாங்குனது! ஆட்டம் இருக்கக் கூடாதுன்னுதானே!"

"ஆட்டம் இல்லாத மெஷின் என்னா மெஷினு?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார். அப்பா கைகளை அக்குளில் செருகிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போய்விட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. யாருக்கு ஆடத் தெரியாது? என் அப்பாவுக்கா? அன்றிலிருந்து நான் பழைய மெஷினின் கட்சி. மாமா வாங்கித் தந்த ஐஸ்கிரீமைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; அது லேசான தியாகம் இல்லை.

ஆயுத பூஜையன்று தேக்கா சந்தையிலிருந்து மாலை வந்தது. ஹாலில் செய்தித்தாள் விரித்து இரண்டு மெஷின்களையும் வைத்தார்கள். பழைய மெஷினுக்கு அப்பா என்னைப் பொட்டு வைக்கச் சொன்னார். என் கையைப் பிடித்துச் சந்தனக் கிண்ணத்தில் தொட்டு, வாளின் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைக்க வைத்தார். மாமாவுக்கு அது போதவில்லை. புது மெஷினுக்குத் திருஷ்டி பட்டுவிடக் கூடாதாம். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துப் பட்டை பட்டையாக அப்பினார். இன்ஜினுக்குக் காற்று போவதற்காகப் பக்கவாட்டில் வரிசையாகக் கீற்றுகள் இருந்தன. அவர் பக்திக்கு அவையெல்லாம் நெற்றியாகத் தெரிந்தனபோலும். ஒன்றைக்கூட விடவில்லை. "போதும்டா தம்பி, அது மெஷின், மாரியம்மன் இல்ல," என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும். சனிக்கிழமை என்பதால் என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு பங்களாவுக்குப் போனார்கள். கூரைமேல் சாய்ந்த ரம்புத்தான் கிளையை வெட்ட வேண்டும். மாமா புது மெஷினை எடுத்துக் கயிற்றை இழுத்தார். அது ஒருமுறை இருமிவிட்டு நின்றது. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் இருமல். காய்ந்த சந்தனம் கீற்றுகளைச் சிமெண்டுபோல் அடைத்திருந்தது. மாமா ஒரு குச்சியை வைத்து நோண்ட நோண்ட, வீட்டுக்காரச் சீன மாது வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் குதித்தேன். "சாமி கும்பிட்டதுக்கே மயக்கம் போட்டுடுச்சு! இதுவா மரம் வெட்டும்?"

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். அது கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. கிளை விழுந்தது. நான் கை தட்டினேன். அப்பா இறங்கி வந்து, மெஷினைக் கையில் வைத்துக்கொண்டே அந்த மாதுவிடம் அடுத்த கிளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கைப்பிடியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, ரத்தம்!"

அவர் குனிந்து முதலில் இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையைத் திருப்பிப் பார்த்தார். விரலளவு மரச் சிலாம்பு ஒன்று உள்ளங்கையில் ஏறியிருந்தது. மாமா ஓடி வந்து அதைப் பிடுங்கினார். அப்பா முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. திங்கட்கிழமை பள்ளியில் எல்லாரிடமும் சொன்னேன், என் அப்பாவுக்கு வலிக்கவே வலிக்காது என்று. மாமா மட்டும் அன்று வீடு வரும்வரை அப்பாவின் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரமே அவர் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பா கட்டு மாற்றக் கிளினிக்குக்குப் போயிருந்தார். பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரர் கீழே ஹாரன் அடித்தார். மாமா பழைய மெஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தார். நான் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, தம்பியைத் தடுக்கவில்லை.

வீடு திரும்பிய அப்பா அவ்வளவு உரக்கக் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "யாரைக் கேட்டுடா குடுத்த? அது இருந்தாத்தான்டா என்னால வேலை செய்ய முடியும்!"

"இல்ல அத்தான். அதாலதான் உங்களால முடியாமப் போச்சு."

என்ன திமிர் என்று நினைத்தேன். அப்பா புது மெஷினோடு கொஞ்ச நாள் போய்ப் பார்த்தார். பிறகு மரம் வெட்டுவதையே விட்டுவிட்டு ஒரு கொண்டோ குடியிருப்பில் காவலாளியாகச் சேர்ந்தார். ஒரு பொம்மை மெஷினைக் கொண்டு வந்து என் அப்பாவைத் தொழிலை விட்டே துரத்திவிட்டார் மாமா என்று நான் முடிவு கட்டினேன். பல தீபாவளிகளுக்கு அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவரும் ஒன்றும் விளக்கவில்லை.

என் கல்யாணத்தன்று அப்பாவால் தன் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. அம்மா போட்டுவிட்டுக்கொண்டே, இது இன்று நேற்று வந்ததில்லை என்று என்னிடம் சொன்னார். பழைய மெஷினின் ஆட்டம் வருடக்கணக்காக ஏறி ஏறி அவர் விரல் நரம்புகளைக் கொன்றிருந்தது. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்துப்போகும்; சூடு தெரியாது, வெட்டுக்காயம் தெரியாது. முழங்கை வரை உலுக்கிய அந்த ஆட்டம் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அது இருந்தால்தான் கையில் சங்கிலி ஓடுகிறது என்பதே அவருக்குப் புரியும். புது மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை என அவர் சொன்னது குறை இல்லை. பயம்.

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. மறைத்த அப்பாமேல் கோபம், மரத்துப் பால் என்ற பொய்க்குத் துணை நின்ற அம்மாமேலும் மாமாமேலும் கோபம். விரலைத் தின்ற சனியனை அந்தக் காலத்து மெஷின் என்று கொண்டாடுகிற பக்கத்து வீட்டுக்காரர்மேல் சொல்லவே வேண்டாம். அந்தச் சனியனுக்கு என் கையால் பொட்டு வேறு வைக்க வைத்தாரே அப்பா! அன்று என் கையைப் பிடித்த அப்பாவின் விரல்கள் ஜில்லென்று இருந்தன. சந்தனத்தின் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.