தோசைகளுக்கு நடுவில் கேட்ட ஆங்கிலம்

புனேயில், வாகட்டில் நான் சமையல் செய்யும் வீட்டில் மூன்று இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அறை. ஒருவருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர், ஒருவருக்குக் கோலாப்பூர், இன்னொருவருக்கு லக்னோ. முன்பெல்லாம் நான் போகும் நேரத்தில் மூவரும் ஹிஞ்சவாடியில் ஆபீஸில் இருப்பார்கள். என்னிடம் ஒரு சாவி உண்டு. ஆள் இல்லாத வீட்டில் சமைப்பது எனக்குப் பிடிக்கும். யாராவது பின்னால் வந்து நின்றால் கை தடுமாறும். என் சுபாவம் அப்படி.

பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று வந்தது. மூன்று கதவுகளும் சாத்தியிருக்கும். மூன்றுக்குப் பின்னாலும் பேச்சு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிக் கடைப் பலகை படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் வெங்காயம் நறுக்கும்போது காது சும்மாதானே இருக்கிறது. கொஞ்ச நாளில் ஒன்று பிடிபட்டது. மூவருக்கும் வேறு வேறு கம்பெனி, ஆனால் மூவருமே "வீ, வீ" என்றுதான் பேசினார்கள். வீ கேன், வீ குட், வீ ஷுட், வீ வில். சாத்திய அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நாள் முழுவதும் பல பேராகப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கோயம்புத்தூர் தம்பியிடம் தமிழில் பேசலாம். ஒருநாள் டீ கொடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

"தம்பி, இந்த 'வீ ஷுட்'டுன்னா என்ன?"

"நாம செய்யோணும்னு அர்த்தங்ணா."

"வீ கேன்?"

"செய்யலாம்."

"வீ குட்?"

"அதுவும் செய்யலாம்தானுங்ணா."

"ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு?"

அவர் டீயைக் குடிக்காமல் யோசித்தார். "கேன்னா முடியும். குட்னா... முடியும், ஆனா சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வெக்கறது. வேண்டாம்னு சொன்னாலும் யாருக்கும் கோவம் வராது." பிறகு சிரித்தார். "எங்க மேனேஜர் 'வீ ஷுட்'டுன்னு சொன்னா நான் செய்யோணும்னு அர்த்தங்ணா. அவர் ஒண்ணும் செய்யமாட்டார்."

அதன் பிறகு காய் நறுக்குவதில் ஒரு சுவாரசியம் வந்துவிட்டது. லக்னோக்காரர் "வீ வில்" என்றால் நாற்காலியை இழுத்து நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்கும். கோலாப்பூர்க்காரர் "வீ மே" என்று குரலை இறக்கினால் அன்று மதியச் சோறு பாதி தட்டிலேயே இருக்கும். எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. பல தடவை தப்பாகத்தான் நினைத்தேன். லக்னோக்காரர் ஒருநாள் "வீ மஸ்ட், வீ மஸ்ட்" என்று சத்தம் போட்டார். ஏதோ பெரிய சிக்கல் என்று நினைத்து, கேட்காமலே காபி போட்டுக்கொண்டு போனேன். லோனாவ்லா போய் மழை பார்த்தே ஆகவேண்டும் என்று நண்பரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலம் முடிந்தது. யாரும் லோனாவ்லா போகவில்லை.

தேஹு ரோடில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் இதையெல்லாம் மனைவியிடம் சொல்வேன். "ஏங்க, நீங்க சமைக்கப் போறீங்களா, டியூஷன் போறீங்களா?" என்பாள்.

இந்த வருஷம் கோலாப்பூர்க்காரரின் ஆபீஸ் கராடிக்கு மாறியது. தினமும் நேரில் வரச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் மதியம் கோயம்புத்தூர் தம்பி தண்ணீர் எடுக்க வந்தவர் போகிறபோக்கில் சொன்னார்.

"இந்த வீட்டு அக்ரிமென்ட் முடியப்போகுதுங்ணா. எல்லாருமா கராடிப் பக்கம் போயிரலாமான்னு ஒரு யோசனை. இன்னைக்குச் சாப்பிடறப்ப பேசி முடிவு பண்ணீருவோம்."

சொல்லிவிட்டுப் பாட்டிலோடு அறைக்குள் போய்விட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

கராடி புனேயின் அந்தக் கோடி, தேஹு ரோடு இந்தக் கோடி. தினமும் போய்வர முடியாது. அதே கட்டடத்தில் நான் சமைத்துவந்த இன்னொரு குடும்பமும் சென்னைக்குப் போய்விட்டதால், கையில் இருந்தது இந்த ஒரு வீடுதான். இதுவும் போனால் புது வீடு தேட வேண்டும். ஒவ்வொரு புது வீட்டிலும் முதல் நாள் ஒரு சமையல் செய்து காட்டச் சொல்வார்கள். வீட்டம்மாவும் அவருடைய மாமியாரும் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். எனக்கு அது ஆகாது.

மனைவிக்குப் போன் செய்தேன்.

"அப்ப என் வேலை என்னாகும்னு அவங்ககிட்டயே கேட்ருங்க."

"எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான். வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

கேட்க முடியவில்லை. சாயங்காலம் தோசைக்கல்லைப் போட்டேன். எனக்கு ஓர் எண்ணம். சப்பாத்தி என்றால் அடுக்கி மேசையில் வைத்துவிட்டு வரவேண்டியதுதான். தோசை என்றால் ஒவ்வொன்றாகச் சூடாகக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காதில் விழும்.

முதல் தோசையோடு போனபோது கோலாப்பூர்க்காரர் போனில் ஏதோ படம் காட்டி, "வீ குட் டேக் திஸ் ஒன்" என்றார். குட். ஒரு பேச்சுக்குச் சொல்வது. திரும்பி வந்து நிதானமாக மாவை ஊற்றினேன். அடுத்த தடவை போனபோது லக்னோக்காரர், "வீ ஷுட் டிசைட் டுடே" என்றார். இன்றைக்கே முடிவு என்பது புரிந்தது. கல்லில் தண்ணீர் தெளித்து அவசரமாகத் துடைத்தேன். அதற்கடுத்த தோசை ஓரம் சிவக்காமலே தட்டுக்குப் போனது. இந்தத் தடவை கேன் வந்தது. "வீ கேன் ஷிஃப்ட் பை மன்த் எண்ட்." குட் இருந்த இடத்தில் கேன் வந்தால் என்ன அர்த்தம் என்று அடுப்படிக்கு வரும் வழியிலேயே யோசித்தேன். நல்லதாகப் படவில்லை.

அப்புறம் நான் சுட்ட வேகம் எனக்கே தெரியாது. தட்டில் ஒன்று முடியுமுன் அடுத்தது. நடுவே சட்னி கேட்காமலே சட்னி. நெய் வேண்டுமா என்று ஒரு நடை. லக்னோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பஸ்! பேட் ஃபட் ஜாயேகா!" என்றார். போதும், வயிறு வெடித்துவிடுமாம். நான் இன்னொன்றை அவர் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

பாத்திரத்தில் மாவு தீர்ந்தது. வழித்து ஊற்றியதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தோசை வந்தது. அதைக் கொண்டுபோனபோது கோலாப்பூர்க்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "தென் வீ வில் டெல் த புரோக்கர்." சொல்லிக்கொண்டே போனில் எண்ணைத் தேடினார்.

எனக்குத் திரும்பிப் போக அடுப்படியில் வேலை இல்லை. கையில் தோசைத் திருப்பியை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"மே நஹீ ஆ பாவூங்கா" என்றேன். என்னால் வர முடியாது என்று.

கோலாப்பூர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கஹான், அண்ணா?" எங்கே என்று.

"கராடி. தேஹு ரோடிலிருந்து மிகத் தூரம்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எந்தெந்த வண்டி மாற வேண்டும், எந்நேரம் வீடு திரும்புவேன் என்றும் சொன்னேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூவரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கோலாப்பூர்க்காரர் போனை என் பக்கம் திருப்பினார். படத்தில் இருந்தது ஒரு சமையலறை. பெரிய ஜன்னல், நீளமான மேடை.

"உங்களுக்காக அடுப்படியத்தாங்ணா முதல்ல பாத்தோம்" என்றார் கோயம்புத்தூர் தம்பி. "ஜன்னல் இல்லைன்னு ஒரு வீட்டை வேண்டாம்னு சொல்லீட்டோம். நீங்க வருவீங்கன்னே நெனச்சுட்டோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயங்காலம் முழுவதும் அவர்கள் சொன்ன "வீ"க்குள் நான் இருந்திருக்கிறேன். என்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள் என்று நான் தோசை தோசையாகப் பயந்தேன். அவர்களோ என்னைக் கேட்காமலே என்னையும் கூட்டிக்கொண்டு கராடிக்குப் போய், ஜன்னலோரம் நிறுத்திச் சமைக்கவும் வைத்துவிட்டார்கள். சந்தோஷமாக இருந்தது. கேட்டிருக்கலாமே என்றும் இருந்தது.

"ஏனுங்ணா, இத்தனை தோசை சுட்டீங்க, நடுவுல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் தம்பி.

"நீங்களும் இத்தனை தோசை சாப்பிட்டீங்க" என்றேன். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு மற்ற இருவருக்கும் மொழிபெயர்த்தார்.

லக்னோக்காரர், அண்ணா இல்லையென்றால் மூன்று வேளையும் நூடுல்ஸ்தான் என்றார். கராடியில் வாடகையும் கூடுதல் என்று ஞாபகப்படுத்தினார். மிச்சம் கோலாப்பூர்க்காரர். இங்கேயே இருந்தால் தினமும் கராடிக்கு அலைய வேண்டியவர் அவர்தான், அதனால் அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. போனில் எதையோ தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ் பக்கத்து டாங்கே சௌக்கில் காலை ஏழு மணிக்கு நிற்கிறதாம்.

"மீ பஸ்னே ஜாதோ" என்றார் கடைசியில். நான் பஸ்ஸில் போகிறேன். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி மராத்தியில் சொன்னார். பிறகு அந்தக் குட்டித் தோசையை எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

இப்போது இந்த வீட்டு அக்ரிமென்டையே புதுப்பித்தாகிவிட்டது. அவர் வெறும் வயிற்றோடு பஸ் ஏறக்கூடாது என்று நான் இருட்டோடு தேஹு ரோடில் முதல் ஷேர் ஆட்டோ பிடிக்கிறேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மனைவி மட்டும், "வாயைத் திறந்ததும் திறந்தீங்க, என் தூக்கமும் சேர்ந்து போச்சு" என்கிறாள்.

போன வாரம் கோலாப்பூர்க்காரர் பாதித் தூக்கத்தில் அடுப்படி வாசலில் வந்து நின்று, "கேன் வீ மேக் போஹா, அண்ணா?" என்றார். ஊறவைக்க அவலை எடுத்தபடி, "ஹம்?" என்று கேட்டேன், நாமா என்று. அவர் கொஞ்சம் விழித்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

வெங்காயத்தைக் கட்டை கட்டையாக நறுக்கினார். அது சரியாக வேகவில்லை. அவர் பக்கத்தில் நின்றும் எனக்குக் கை தடுமாறவில்லை. இருவரும் மேடையோரம் நின்றே சாப்பிட்டோம். மணியைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தொட்டியில் போட்டார், பஸ்ஸுக்கு ஓடினார்.