உப்புக் குவியலில் சிவப்புப் புள்ளிகள்

மே மாதத்தில் உப்பளத்துக்குப் பூநாரை வராது என்று எனக்கு எப்போது தெரிந்தது? முதல் நாளேயா, மூன்றாம் நாளா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வரும், அதற்குத்தான் பயம்.

சுனாமிக்கு அடுத்த கோடை அது. எனக்கு எட்டு வயது. அப்பா மரக்காணத்தில் உப்பள மேஸ்திரி. அவருடைய சிறுநீரகம் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு வருவதாகச் சொன்ன புதுச்சேரி டாக்டர், உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். நாள் முழுக்க உப்பிலேயே நிற்கிறவர் சப்பென்ற குழம்பைப் பிசைந்து சாப்பிட்டார். அம்மா பாரபட்சம் பார்க்காதவள். வீட்டில் எல்லோருக்கும் அதே குழம்பு.

மத்தியானத்துக்கு மூன்று மாத்திரை. இரண்டு வெள்ளை, ஒன்று கருஞ்சிவப்பு, ரத்தம் ஊறுவதற்கான இரும்புச்சத்து. அம்மா அவற்றை மாதா படத்தின் முன் வைத்துச் செபித்துவிட்டு, காகிதத்தில் மடித்து, சோற்றுத் தூக்கோடு என்னிடம் கொடுப்பாள். "அப்பா முழுங்குற வரைக்கும் நின்னு பாத்துட்டு வா." பள்ளி விடுமுறையில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போவேன்.

அப்பா சாப்பிட்டு முடித்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொள்வார்.

"பாப்பா, அங்க பாரு, பூநாரை!"

திரும்புவேன். கண் கூசும் பாத்திகளைத் தவிர ஒன்றும் இருக்காது. மறுபடி திரும்பினால் அப்பா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார். "பறந்துடுச்சு. நீ லேட்டு." வீட்டுக்கு வந்து, "முழுங்கிட்டாரும்மா" என்பேன். ஒரு மாதம் இப்படியே போனது. அம்மா மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

பிறகு ஒரு காலையில் உப்பு ஏற்ற லாரி வந்தது. நானும் அப்பாவோடு போயிருந்தேன். இரவில் குவியலை மூடி வைக்கும் கீற்றை எடுத்து, ஆட்கள் அள்ளத் தொடங்கினார்கள். வெள்ளை உப்புக்குள் அங்கங்கே சிவப்புத் திட்டு. அப்பா தினமும் முதுகுக்குப் பின்னால் வீசியதெல்லாம் அந்தக் குவியலில்தான் விழுந்திருக்கிறது. வெள்ளை மாத்திரைகளை உப்பு காட்டிக்கொடுக்கவில்லை. கருஞ்சிவப்பு மட்டும் உப்பின் ஈரத்தில் ஊறிச் சாயம் விட்டிருந்தது.

வியாபாரி குனிந்து பார்த்தார். "என்னா மேஸ்திரி, உப்புக்கு அம்மை போட்டிருக்குது?"

"செம்மண்ணுங்க. ஆரோவில் பக்கத்துலேருந்து காத்துல வந்திருக்கும்" என்றார் அப்பா, கண் சிமிட்டாமல்.

"காத்து இப்படித்தான் உருண்டை புடிச்சுப் போடுமா?" வியாபாரி பாதி கரைந்த மாத்திரை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

கூடையோடு நின்ற அக்கா ஒருத்தி சத்தமாகக் கேட்டாள். "ஏண்ணே, உப்புக்கு ரத்தம் கம்மியா?"

உப்பளமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சைக்கிள் வீடு வந்து சேருவதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது.

அம்மா அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாள். "நீ பாத்துக்கினுதானே இருந்த?"

"அப்பா பூநாரை பாருன்னாரும்மா."

"மே மாசத்துல எங்கடி பூநாரை?"

அந்த வாரம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. "உடம்பு நல்லாத்தானேங்க இருக்குது" என்றார் அப்பா. மாத்திரை நோயைப் போக்காது, நோய் முற்றுகிற வேகத்தைத்தான் குறைக்கும். நன்றாக இருக்கும்போதுதான் விடாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார்.

மறுநாளிலிருந்து என் உத்தியோகம் போயிற்று. அம்மாவே தூக்கோடு உப்பளத்துக்கு வந்து, "என்னாங்க, ஆ காட்டுங்க" என்பாள். நாக்கைத் தூக்கியும் பார்ப்பாள். நாலைந்து நாளில் மத்தியானமானால் ஆட்கள் எல்லோரும் சேர்ந்தே கத்த ஆரம்பித்தார்கள். "மேஸ்திரி, ஆ!" வெட்கத்தோடு அப்பா வாயைத் திறப்பார். அந்த "ஆ"வால்தான் டயாலிசிஸ் பதினைந்து வருஷம் தள்ளிப்போனது என்று அம்மா இப்போதும் சொல்கிறாள்.

மாத்திரையை விழுங்கினால் நோயாளி, வீசிவிட்டால் மேஸ்திரி. அப்பா அந்த ஒரு மாதத்தை அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். அவர் பயந்துபோயிருந்தார் என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. மாத்திரை போனபின் அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து, அதுதான் குணமாவது என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

இப்போது அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருக்கிறார்கள். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மாத்திரை டப்பாவை என் ஐந்து வயது மகள் பிடிவாதமாக வாங்கிக்கொண்டாள். அவள் கொடுத்தால் அப்பா முகம் சுளிக்காமல் வாங்குகிறார். நேற்று சமையலறையில் இருந்தபோது என் காதில் விழுந்தது:

"செல்லம், ஜன்னல்ல பாரு, மயிலு!"

எங்கள் தெருவில் மயில் கிடையாது. "தாத்தா முழுங்கிட்டாரும்மா" என்று அவள் ஓடி வந்தாள். நான் கட்டிலுக்கடியில், ஜன்னலுக்கு வெளியே, பூந்தொட்டியில்கூடத் தேடினேன். மாத்திரை கிடைக்கவில்லை. உண்மையிலேயே விழுங்கியிருக்கலாம். வெறும் விளையாட்டாகவும் இருக்கலாம். "ஆ காட்டுங்கப்பா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டப்பாவை மகளிடமிருந்து வாங்கிவிடுவதா? வாங்கினால் இரண்டு முகம் வாடும். விட்டால், அவளும் என்னைப் போலத் தெரிந்தே திரும்பிப் பார்க்கப் பழகிவிடுவாளோ? வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள், நீங்கள் என்ன செய்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.