பொட்டு வைக்காத படம்

முருகனுக்கு, மாரியம்மனுக்கு, பக்கத்து வீட்டு ரோஸ்மேரி கொடுத்த வேளாங்கண்ணி மாதாவுக்கு. சாமி அலமாரியில் ஈரக் குங்குமத்தோடு விரல் வரிசையாக நகரும். அடுத்தது காந்தி. அங்கே மட்டும் செல்லத்தாய் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். கணவர் குளித்து முடிக்கவில்லையென்றால் காந்திக்கும் ஒரு பொட்டு விழும்.

சுடலைமுத்து தலையைத் துவட்டிக்கொண்டே வருவார். துண்டின் நுனியால் அந்தப் பொட்டை மட்டும் துடைத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொள்வார். திருநெல்வேலிப் பக்கமிருந்து மண்ணரை லைன் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதுதான் காலை.

செல்லத்தாய்க்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், எதுவும் கண்ணுக்குத் தப்பாது. வாய்க்கு யாரும் தப்ப மாட்டார்கள். "ஊருக்கெல்லாம் பனியன் தைக்கோம், இந்த மனுசனுக்கு ஒண்ணு மாட்டிவிட முடியல பாத்தீகளா" என்று காந்தி படத்தைக் காட்டிச் சொல்வாள்.

"ஏனுங்க, அவுரு சாமிங்களா, செத்துப்போன பெரியவருங்களா?" என்று வீட்டுக்காரம்மா கருப்பாத்தாள் ஒருநாள் கேட்டுவிட்டார். செல்லத்தாயின் வாதமும் அதுதான். சாமியென்றால் பொட்டு வைக்கவிடு. மனுசனென்றால் செத்தவர்கள் படம் மாட்டும் சுவரில் மாட்டு.

சுடலைமுத்து பதில் சொன்னது ஒரே ஒருமுறை. "அவரு ராமரத்தான் கும்பிட்டாரு. ஆனா அவரு பிரார்த்தனையில குரானும் உண்டு, பைபிளும் உண்டு. நாடுன்னா அவருக்கு அம்புட்டுப் பேரும்தான். நீ பொட்டு வச்சா ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஆளாயிருவாரு."

"அப்பம் எந்தச் சாமிகிட்ட சுதந்திரம் கேட்டாராம்?"

"எந்தச் சாமிகிட்டயும் கேக்கல. பட்டினி கெடந்தாரு."

ஜனவரி முப்பதன்று சுடலைமுத்துவும் சாப்பிடாமல்தான் ஷிப்டுக்குப் போவார். திட்டிக்கொண்டே இவளும் அன்று அடுப்பு மூட்ட மாட்டாள்.

2007 மாசியில் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. மகன் முனீஸ் நிட்டிங் மெஷின் மெக்கானிக். எந்த மெஷின் நின்றாலும் காரணம் கண்டுபிடித்துவிடுவான். ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்து நின்றான்.

கருமாதி முடிந்த மதியம், ஊரிலிருந்து வந்திருந்த சுடலைமுத்துவின் அண்ணன் பொன்னுச்சாமி, தம்பியின் படத்தை எதிர்ச் சுவரில் மாட்டினார். பிறகு அலமாரியிலிருந்து காந்தியை எடுத்து அதன் பக்கத்தில் மாட்டினார்.

"தம்பிக்குப் பிரியமான மனுசன். ரெண்டு பேரும் சேந்தே இருக்கட்டும் தாயீ. நீ கேட்டதும் இதானே" என்றார். இரண்டு நெற்றியிலும் சந்தனம் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்தார். மேலே குங்குமமும் வைத்தார்.

செல்லத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது.

பெரியப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டு முனீஸ் திரும்பியபோது சுவரில் ஒரு ஆணி வெறுமனே நின்றது. காந்தி மறுபடியும் அலமாரியில், மாதாவுக்குப் பக்கத்தில் இருந்தார். பொட்டு அப்படியே இருந்தது.

"எய்யா, சாஞ்சிருக்கா பாரு."

கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. அவன் நேராக்கினான்.

செல்லத்தாய் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முந்தானை நுனியால் அந்தப் பொட்டைத் துடைத்தாள்.