ஹீற்றருக்குப் பின்னால் இன்னோர் இலக்கம்

மென்பொருளில் பிழை பிடிப்பது என் தொழில். கனடாவில், மார்க்கம் என்ற நகரத்தில் ஓர் அலுவலகத்தில், எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று மற்றவர்கள் சொல்வதை நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டிலும் நான் அப்படித்தான் என்பது மனைவியின் குற்றச்சாட்டு. பால் வாங்கினால் திகதியைக் கடையிலும் பார்ப்பேன், வீட்டுக்கு வந்தும் பார்ப்பேன். வாசல் மணி அடித்தால் யன்னலோரமாக நின்று ஆளைப் பார்த்த பிறகுதான் கதவு திறப்பேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு முன்னால் டிரைவ்வேயில் நிறுத்திய கார்கள் விடியும்போது காணாமல் போகத் தொடங்கிய பிறகுதான் அவள் என்னைக் குறை சொல்வதைக் கொஞ்சம் குறைத்தாள்.

அப்படிப்பட்ட நான் அந்தக் காரை மட்டும் சரியாக விசாரிக்காமல் வாங்கினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் செய்த கார். நீண்ட மூக்கு, இரண்டே கதவு, ஒரு லொறிக்குப் போதுமான எஞ்சின். இங்கே மசில் கார் என்பார்கள். கனடாவுக்கு வந்த முதல் கோடையில், சிவப்பு விளக்கில் எனக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று வந்து நின்றதும், அதன் உறுமல் நான் இருந்த பஸ்ஸின் கண்ணாடியை அதிரவைத்ததும் மனதில் இருந்தது. பிள்ளைகள் படித்து முடித்து வெளியே போனபிறகு, கராஜ் காலியானபிறகு, அந்த ஆசைக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

விற்றவர் நம்முடைய ஆள்தான். ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை வைத்துப் பழைய கார்களை வாங்கி விற்பவர், என்னைவிட இளையவர், றிச்மண்ட் ஹில் கோவிலில் கண்டு பழக்கம். தார்ப்பாயை இழுத்து, கறுப்பு நிறத்தில் நின்ற காரைக் காட்டினார்.

"அண்ணை, உது உங்களுக்காகத்தான் நிக்குது. பேப்பர் எல்லாம் கிளியர்."

பேப்பரைப் பார்த்தேன். டாஷ்போர்ட்டில், முன்கண்ணாடி வழியாகத் தெரியும் சிறிய தகட்டில் இருந்த இலக்கத்தோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. உண்மையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது எஞ்சினை.

கார் வீட்டுக்கு வந்த அன்று மனைவி கராஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உதை வைச்சு என்ன செய்யப்போறீங்கள்?"

"திருத்தப்போறன்."

"திருத்தி?"

"ஓடப்போறன்."

"இந்தக் குளிருக்கையோ?"

"கோடையில."

உள்ளே போய்விட்டாள்.

திருத்த எடுத்த காலம் நான் நினைத்ததைவிட நீண்டது. காந்தத்தைக் கொண்டு உடம்பு முழுவதும் தடவிப் பார்த்தேன்; அது ஒட்டாத இடமெல்லாம் துருவை மறைத்துப் பூசிய பட்டி. அவற்றைச் சுரண்டி, துருப்பிடித்த தரையை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டினேன். வெல்டிங் பழகும்போது இரண்டு நல்ல சேர்ட்டுகள் ஓட்டையாகின. எஞ்சினைக் கழற்றிப் பூட்டினேன். அப்படியே பழையபடி ஆக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன், தோளுக்கு மேலால் வரும் சீற் பெல்ற் போட்டேன், பெரிய ஸ்ரியறிங்கை எடுத்துவிட்டுத் தோல் சுற்றிய சிறியதைப் பூட்டினேன், கடைசியில் கருநீலம் அடித்தேன்.

சுரண்டும்போது ஒரு விசயம் என்னை உறுத்தியது. கறுப்புக்குக் கீழே பச்சை இருந்தது. நிறம் மாற்றுவது புதுமையல்ல. ஆனால் மாற்றுகிறவர்கள் வெளியே தெரியும் இடங்களைத்தான் மாற்றுவார்கள். இந்தக் காரில் கம்பளத்துக்குக் கீழே, கதவின் உள்விளிம்பில், டிக்கியின் மூலையில் எல்லாம் கறுப்பு அடித்திருந்தார்கள். அழகுக்காக ஒருவரும் இவ்வளவு பாடுபடுவதில்லை. யாரோ அந்தப் பச்சையை ஒளித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனாலும் வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் அந்த எண்ணத்தை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

எல்லாம் முடிந்து மிஞ்சியது, காரின் உள்ளே சூடேற்றும் ஹீற்றர். கோடையில் ஓடும் காருக்கு எதற்கு என்று விட்டுவைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றினேன். பின்னால் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பச்சை அப்படியே இருந்தது. அதில் சில எழுத்துகளும் இலக்கங்களும் குத்தியிருந்தன. சோக்கட்டியைத் தேய்த்து, ரோர்ச் வெளிச்சம் அடித்துப் படித்தேன். இந்த வகைக் கார்களில் டாஷ்போர்ட் இலக்கத்தின் கடைசிப் பகுதியை உடம்பிலும் மறைவாகக் குத்திவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஒன்றாக இல்லை.

டாஷ்போர்ட்டுக்குப் போய்த் தகட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தொழிற்சாலையில் அடித்தவை என்றால் அதைப் பிடித்திருந்த ஆணிகள் பூ வடிவத் தலை கொண்டவையாக இருந்திருக்க வேண்டும். இருந்தவை எந்த ஹார்ட்வெயார் கடையிலும் வாங்கக்கூடிய சாதாரண ஆணிகள்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கனநேரம் குனிந்து பார்த்தாள்.

"இது களவுக் காரோ?"

"அப்பிடித்தான் தெரியுது."

"அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானமே ஸ்ரௌவ்வில்லுக்குப் போனேன். அவர் ஒரு காரின் கீழே படுத்திருந்தார். நான் சொன்னதைப் படுத்தபடியே கேட்டார். உடனே வெளியே வரவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

"அண்ணை, பழைய கார் எண்டால் உப்பிடித்தான். ஒண்டின்ர கதவு, இன்னொண்டின்ர மூக்கு."

"இது கதவில்லைத் தம்பி. காரின்ர உடம்பு."

எழுந்து வந்து கையைத் துடைத்தார். துணி ஏற்கெனவே அழுக்கு. துடைக்கத் துடைக்கக் கை கறுத்தது.

"நீர் ஆரிட்டை வாங்கினனீர்?"

"வடக்குப் பக்கம் ஒரு வெள்ளைக்காரன். அந்தாள் இப்ப இல்லை, செத்துப்போச்சு." என்னைப் பார்க்காமல் துணியை மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அண்ணை, ஒரு ஹீற்றர் பெட்டியைத் திருப்பிப் பூட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்?"

அந்தக் கேள்வி வீடு வரும்வரை என் காதில் இருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்கு அரை மணித்தியாலம்கூடப் பிடிக்காது.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் எனக்கு எல்லோரிலும் சந்தேகம். எஞ்சின் சத்தம் கேட்டால் மதிலுக்கு மேலால் கையை உயர்த்தும் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் இவ்வளவு ஆர்வம் காட்டுகிறார்? தெருமுனையில் ஒரு வெள்ளை வான் ஏன் நிற்கிறது? விற்றவர் இரண்டு தரம் தொலைபேசி எடுத்து, "ஆருக்கும் சொன்னீங்களோ அண்ணை?" என்று கேட்டார். அவரே ஆளை அனுப்பிக் காரைத் தூக்கிவிடுவார் என்று பயந்து, நான் வேலைக்கு ஓட்டும் மற்றக் காரைக் கராஜ் கதவோடு முட்டி நிறுத்தினேன். பொலிசுக்குச் சொல்லத் தயங்கினேன். யாழ்ப்பாணத்தில், சந்தியில் மறித்து அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்கு முன்னால் நின்று வளர்ந்தவன் நான். சீருடை போட்டவர் என்னை நம்புவார் என்று நினைத்து எனக்குப் பழக்கமில்லை.

முடிவெடுத்தவள் மனைவிதான்.

"நீங்கள் ஆரையும் நம்புறேல்லை. பாக்கிற ஆக்களுக்கும் உங்களில சந்தேகம் வந்தால்? பொலிசுக்கு எடுத்துச் சொல்லுங்கோ."

வந்த பொலிஸ் அதிகாரி இளைஞர், மரியாதையானவர். ஆனால் அவருடைய கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. எங்கே வாங்கினேன், ஏன் நிறம் மாற்றினேன், ஏன் உடனே சொல்லவில்லை. நான் அடித்த கருநீலத்தை அவர் விரலால் தடவியபோது, அந்தப் பச்சையை ஒளித்தவனைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் இவர் என்னைப் பற்றி நினைக்கிறார் என்று புரிந்தது. சில நாள்களில் காரை ஒரு பாரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பழைய முறைப்பாடு ஒன்று அகப்பட்டது என்று பிறகு அதே அதிகாரி வந்து சொன்னார். பச்சைக் கார், ஒரு வைத்தியசாலைத் தரிப்பிடத்தில் களவு போனது. கார் களவுபோன வருடத்தைச் சொல்லிவிட்டு, "அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில், அரைக் காற்சட்டையோடு, ஐந்தாம் வகுப்பில் என்றேன். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார்.

கார் பழைய சொந்தக்காரருக்குப் போனது. விற்றவர் என்னிடம் வாங்கிய காசை ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பித் தந்தார். குற்றமில்லாதவன் ஒரு வார்த்தையாவது சண்டை பிடித்திருப்பான் என்றேன் நான். குற்றமுள்ளவன் காசைக் கண்ணிலும் காட்டியிருக்க மாட்டான் என்றாள் மனைவி. எங்களுக்குள் அது இன்னும் தீரவில்லை. கோவிலில் கண்டால் அவர் இப்போதும் "அண்ணை" என்று சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன்.

இலைகள் நிறம் மாறத் தொடங்கியபோது, தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. காரின் சொந்தக்காரருக்கு என் எண்ணைக் கொடுக்கலாமா என்று அதிகாரி முன்பே கேட்டிருந்தார். வயதான பெண் குரல். வணக்கம் சொல்லவில்லை.

"என் காருக்கு நீங்கள் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? அது ஸ்ராட் ஆகவில்லை. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள்."

தெருவில் நடந்த களவுகளுக்குப் பயந்து, பெற்றோல் பம்பை நிறுத்தும் ஒரு சுவிட்சை நான் ஒளித்துப் பூட்டியிருந்தேன். அது கீழே இருந்தால் கார் ஓடாது. பொலிஸ் பாரவண்டியில் ஏற்றிக்கொண்டு போனதால் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன். இதைத் தொலைபேசியில் சொன்னபோது இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். நான் வேண்டுமென்றே செய்தது என்று நினைக்கிறார் என்பது அவர் கேட்ட விதத்தில் தெரிந்தது.

"வந்து காட்டுங்கள்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்ரௌவ்வில்லைத் தாண்டி இன்னும் வடக்கே, சோளக் காணிகளுக்கு நடுவில் ஒரு வீடு. நாங்கள் இறங்குவதற்கு முன்னமே அவருடைய மகன் எங்கள் கார் இலக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்தார். அது எனக்குக் கோபமூட்டவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

அந்தப் பெண்மணி உயரமானவர், எழுபதைத் தாண்டியவர், முழங்காலில் ஏதோ வருத்தம். கராஜுக்குக் கூட்டிப்போய், காரைக் காட்டி முதலில் சொன்னது: "இந்த நீலம் யாருடைய யோசனை?"

"என்னுடையது."

"ஸ்ரியறிங்?"

"அதுவும்."

சாரதி சீற்றுக்குக் கீழே கையை விட்டுச் சுவிட்சை மேலே தட்டினேன். அவரே ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. கராஜ் தட்டில் இருந்த பெயின்ற் தகரங்கள் நடுங்கின. மகன் ஏதோ கத்தினார், கேட்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்துப் பக்கத்து இருக்கையைக் காட்டினார். "நீங்களும் ஏறுங்கள். நடுவழியில் நின்றால் யார் பார்ப்பது?"

மெதுவாக ஓட்டுவார் என்று நினைத்தேன். காணிகளுக்கு நடுவிலுள்ள நேர்வீதிக்கு வந்ததும் கியரை மாற்றி மிதித்தார். என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. நான் ஒரு நாளும் அந்தக் காரை அப்படி ஓட்டியதில்லை. எங்கள் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்ததோடு சரி.

ஓர் இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, வீதியைப் பார்த்தபடியே பேசினார். தாதி வேலைக்குச் சேர்ந்து, தன் உழைப்பில் வாங்கிய முதல் பொருள் இது. வேலை முடிந்து வந்தபோது தரிப்பிடத்தில் இல்லை. களவுக்குக் காப்புறுதியும் எடுத்திருக்கவில்லை. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவரை அவருடைய தகப்பன் நம்பவில்லை.

"அப்போது எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். அப்பாவுக்குப் பிடிக்காத சிநேகிதன். காரை நான் அவனுக்குக் கொடுத்துவிட்டுக் கதை கட்டுகிறேன் என்று அப்பா முடிவெடுத்துவிட்டார். சாகும்வரை அதைத்தான் நம்பினார். நல்ல மனிதர். ஆனால் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் அந்தக் கார் அவர் கண்ணில் இருந்தது."

"பச்சை அப்படியே இருக்கிறது," என்றேன், "ஹீற்றருக்குப் பின்னால்."

"பார்த்தேன்," என்றார். "பொலிஸ்காரர் அதைத்தான் முதலில் காட்டினார். அதன் முன்னால் நின்று அப்பாவோடு கொஞ்சம் சண்டை பிடித்தேன்."

திரும்பி வந்து காரை உள்ளே விட்டார். எஞ்சினை அணைத்து, சீற்றுக்குக் கீழே இருந்த சுவிட்சையும் கீழே தட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக என்னைப் பார்த்தார்.

"இந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்."

"ஓம்," என்று தமிழில் வாயில் வந்துவிட்டது. தலையையும் ஆட்டினேன்.

"வேறிடத்துக்கு மாற்றச் சொல்லப்போகிறேன். கோபிக்கக் கூடாது."

"மாற்றுங்கள். நானாக இருந்தால் இன்றைக்கே மாற்றுவேன்."

முதல் தரமாகச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் ஆப்பிள் பாய் வெட்டித் தந்தார். மகன் என் மனைவியிடம் அந்தச் சீற் பெல்ற்றை எப்படிப் பூட்டினேன் என்று விசாரித்தார். அவள் என்னை விட நன்றாக விளக்கினாள். அவ்வளவு நாளும் கராஜ் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வரும் வழியில் அவள் கேட்டாள். "அந்த மனுசி எப்பிடி ஓடினவ?"

"என்னைவிட நல்லா."

"உங்களுக்குக் கவலையோ?"

கொஞ்சத்தூரம் யோசித்துக்கொண்டு ஓட்டினேன். கவலைதான். ஆனால் காரைப் பற்றியதா, அந்தத் தகப்பனைப் பற்றியதா என்று பிரிக்கத் தெரியவில்லை.

"அவ பச்சை அடிக்கப்போறாவாம்," என்றேன்.

"பச்சை நல்லாத்தான் இருக்கும்," என்றாள் அவள்.