புடவைக்குப் பாதி நாள், விமானத்துக்குப் பத்து நிமிடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில், ஆரணியில் எங்கள் வீட்டு நடு அறையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு நான் ஒரு விமானத்தை விற்றேன். பொம்மை விமானம் இல்லைங்க. ஒன்பது பேர் ஏறிப் பறக்கக்கூடிய நிஜமான விமானம். இதைச் சொன்னால் என் கூடப் படித்தவர்களே இன்னும் நம்புவதில்லை.

கல்யாணத்துக்கு முன்பு பெங்களூருவில், வாடகைக்கு விமானம் விடும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி ஆரணி வந்து, குழந்தையும் பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை. அந்தச் சமயத்தில்தான் முதலாளி, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று கம்பெனியை மூட முடிவு செய்தார். மற்ற விமானங்கள் எல்லாம் போய்விட்டன. கடைசியாக ஒன்று மட்டும் தங்கிவிட்டது. இரண்டு இறக்கையிலும் புரொப்பெல்லர் சுற்றும் டர்போபிராப். அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

"இத நீதாம்மா வித்துக் குடுக்கணும். அதோட பேப்பரெல்லாம் உனக்குத்தான் அத்துப்படி" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

பேப்பர் அத்துப்படிதான். ஆனால் அந்தப் பேப்பர்களில் இருந்ததெல்லாம் பாக்கி வேலை. இரண்டு புரொப்பெல்லரையும் கழற்றிச் சரிபார்க்க வேண்டும். இடது என்ஜினைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். ஏசி ஓடவில்லை. பெயின்ட் வெளுத்துவிட்டது. பறந்தே இரண்டு வருடமாகிறது. விளம்பரத்தைப் பார்த்து உற்சாகமாகப் பேச ஆரம்பிப்பவர்கள், "பாக்கி வேலை என்ன மேடம்?" என்று கேட்டுவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்பதோடு காணாமல் போய்விடுவார்கள். விடாமல் கூப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். பழைய விமானத்தை அறுத்துப் பாகம் பாகமாக விற்பவர்.

விமானம் பெங்களூரு பக்கம் ஒரு கொட்டகையில் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் அண்ணன் மட்டும் போன் செய்து, "யாராவது ஓட்டறவங்களா பாத்து குடுங்க மேடம். அறுக்கறவருக்கு மட்டும் குடுத்துடாதீங்க" என்பார். அவர் குரல் என்னவோ செய்யும்.

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறிகள். காலையில் ஆரம்பித்தால் தடக் தடக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். விமானம் வாங்க வருபவர் இந்தச் சத்தத்தையும், நடுவில் என் மகளின் அழுகையையும் கேட்டால் என்ன நினைப்பார்? அதனால் போன் வந்தால் அத்தை புடவை அடுக்கி வைத்திருக்கும் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். தறிக்காரர்களிடம் பட்டுப்புடவை வாங்கி வீட்டிலேயே வைத்து விற்பவர். "நீ வித்துகினு இருக்கறது இன்னாமா? ஒளிஞ்சிகினு பேசற?" என்று கேலி செய்வார்.

ஒருநாள் ஆந்திராவிலிருந்து ஓர் அம்மா பேசினார். விமானி. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் விமான சேவை நடத்துகிறவர். சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாகவே வந்தது. அவருடைய என்ஜினியர் சித்திரை வெயிலிலேயே வந்து எங்கள் விமானத்தை அலசிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அதோடு இவரும் காணாமல் போய்விட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். இடது என்ஜினைப் பற்றி அந்த அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. உள் அறை வெந்தது. குழந்தை வீல் என்று அலறியது. அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கரண்ட் போனால் கைத்தறிக்கு என்ன? தெருவே தடதடத்துக்கொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்? என்ஜின் ஓடுதா?"

"இல்லீங்க மேடம்… தறி. நான் ஆரணியில இருக்கேன்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "ஆரணியா? பட்டுப்புடவை ஆரணியா? அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்மா! நான் நேர்லயே வரேன். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிச்சுடலாம்."

அந்த வாரமே ரயிலில் வேலூர் வந்து இறங்கி, கார் பிடித்துக் கண்ணமங்கலம் வழியாக வந்து சேர்ந்தார். தொப்பியும் சீருடையுமாக ஒருவரை எதிர்பார்த்து எட்டி எட்டிப் பார்த்தது தெரு. காரிலிருந்து இறங்கியவர் நரைத்த தலையும் பருத்திச் சுடிதாரும் ரப்பர் செருப்புமாக இருந்ததில் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். அவரோ நேராக அத்தையின் பாயில் போய் உட்கார்ந்தார். "முதல்ல புடவை."

அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புடவையையும் பிரித்தார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்து ஜரிகையை உற்றுப் பார்த்தார். பிடித்ததைத் தனியே வைத்துவிட்டு விலையைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுமா" என்றார் அத்தை. "அப்ப நான் காஞ்சிபுரம் போறேன்" என்று எழுந்தவரை, "டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்று உட்கார வைத்தார். டீ வந்தது. மறுபடி பேரம். மறுபடி எழுந்து இம்முறை வாசல் வரை போய்விட்டார். எனக்கு உயிரே போய் வந்தது. ஒரு புடவைச் சண்டையில் என் விமானம் அறுக்கப்போகிறவர் கைக்குப் போய்விடும் போலிருந்தது. 'விட்டுக்கொடுங்களேன்' என்று அத்தைக்குக் கண் ஜாடை காட்டினேன்.

"வியாபாரத்துல நீ குறுக்க வராத" என்று அந்த அம்மாவின் முன்னாலேயே போட்டு உடைத்தார் அத்தை. வாசலில் நின்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். இருவரும் நடுவில் ஒரு விலையில் வந்து நின்றபோது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் என் மகள் அவர் மடியில் ஏறி மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் மறுபடி லேப்டாப்பைத் திறந்தேன்.

"மூடி வைம்மா. என் ஆள் எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லிட்டார். அவர் கண்ணுல படாதது ஏதாவது இருந்தா சொல்லு."

இருந்தது. மெக்கானிக் அண்ணன் சொல்லியிருந்தார். மழைக்காலத்தில் கொட்டகைக் கூரை ஒழுகி, பின் கதவின் ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. வெயிலில் வந்த என்ஜினியருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. சொன்னால் போய்விடுமோ? ஆனால் இதில் நோயாளிகள் போகப்போகிறார்கள். இவ்வளவு நேரம் என் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தவரிடம் மறைக்கவும் மனம் வரவில்லை.

"பின் கதவுல மழைத்தண்ணி இறங்கியிருக்கு மேடம். தரைக்கு அடியில துரு இருக்கலாம். பிரிச்சுப் பாத்தாதான் தெரியும்."

அவர் முகம் மாறியது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, போனோடு தெருவுக்குப் போய் என்ஜினியரிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. சித்தூர், திருப்பதி வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசி அத்தைக்கு நன்றாகவே தெரியும். ஜன்னல் ஓரம் போய் ஒட்டிக்கொண்டு எனக்கு வர்ணனை கொடுக்க ஆரம்பித்தார்.

"அந்த ஆளு வேணாங்கறார் போல… இந்தம்மா திட்டுது… கொஞ்சம் மெதுவா பேசினா இன்னாவாம்… அய்ய, இப்ப ஒண்ணுமே பேசல… ஆங்! தரைய பிரிச்சிக்கலாம்னு சொல்லுது… ஏ, வர்றாங்க வர்றாங்க!" என்று ஓடிவந்து, ஒன்றும் தெரியாதவர் போலப் புடவை மடிக்க உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் நின்றபடியே கேட்டார். "தரைய பிரிக்கிற செலவு யாரோடது?"

"விலையில கழிச்சுக்கலாம் மேடம்." முதலாளி எனக்குக் கொடுத்திருந்த கடைசி விலைக்குள் அதற்கு இடம் இருந்தது. தொகையைச் சொன்னேன்.

"சரி" என்று கையை நீட்டினார். அவ்வளவுதான்.

அத்தைக்குத்தான் தாங்கவில்லை. "இன்னாமா இது! ஒரு பொடவைக்கு ரெண்டு வாட்டி எழுந்து போனீங்க. பிளேனுக்கு ஒரு பேச்சு பேசல!"

"உங்ககிட்ட பேசியே தொண்டை வத்திப் போச்சுங்கம்மா. அதுக்கு மேல எங்க தெம்பு?" என்று சிரித்தார் அவர். காரில் ஏறும்போது என் தோளைத் தட்டி, "கதவு விஷயத்த நீ சொல்லலேன்னா, தரைய பிரிச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணியே இருக்காது" என்றார், சிரிக்காமல்.

வேலைகள் மாதக்கணக்கில் நடந்தன. தரையைப் பிரித்ததில் துரு இருந்தது, ஆனால் பயந்த அளவு இல்லை. இரண்டு புரொப்பெல்லரும் முதல் தடவை சுற்றியபோது மெக்கானிக் அண்ணன் வீடியோ அனுப்பினார். சத்தத்துக்கு மேல் அவர் கத்துவது கேட்டது.

தை மாதம் ஒரு காலை, அந்த அம்மாவிடமிருந்து செய்தி. இன்று விமானத்தைச் சென்னை வழியாக ஊருக்குக் கொண்டுபோகிறேன், ஆரணி மேல் கொஞ்சம் தாழ்வாக வர அனுமதி கிடைத்திருக்கிறது, மாடிக்குப் போ என்று. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தை தெருவுக்கே சொல்லிவிட்டார். மாடிக்கு மாடி ஆட்கள். எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலில் சத்தம் வந்தது. பிறகு அது வந்தது. புதுப் பெயின்ட் வெள்ளை வெளேர் என்று வெயிலில் மின்ன, எங்கள் தலைக்கு மேல் வந்து, இறக்கையை ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துவிட்டுப் போனது. தெருவே ஓவென்று கத்தியது. "ஏம்மா, இதையா நீ வித்த?" என்று எதிர் மாடியிலிருந்து கேட்டார்கள். நான் தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. "எங்க மருமவதான் வித்துச்சு!" என்று அத்தை எனக்கும் சேர்த்துக் கத்தினார்.

எப்படியாவது தலையிலிருந்து இறக்கிவிட வேண்டிய பாரம் என்றுதான் அந்த விமானத்தை அதுவரை நினைத்திருந்தேன். இன்று அதில் யாரோ ஒருவர் சரியான நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துகொண்டிருப்பார் என்று நினைக்கும் போதெல்லாம், அதை விற்றதில் என் கையும் கொஞ்சம் இருந்ததே என்று மனசு நிறைந்துவிடுகிறது.