அனங்காம கெடங்க

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கல்ஃபில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், சத்தம் கேட்டால் எந்த போல்ட் லூஸ் என்றுதான் பார்ப்பேன். நீங்கள் நம்பாவிட்டாலும் கோபமில்லை, நானே பாதிதான் நம்புகிறேன்.

குமரி மாவட்டம் புதுக்கடையில் என் வீட்டில் நான் மட்டும்தான். மனைவி ஸ்டெல்லா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் இடது கை மரத்து டீ கிளாஸ் நழுவியது, கூப்பிட ஆளில்லாமல் சமையலறைத் தரையிலேயே கிடந்தேன். சற்று நேரத்தில் கை சரியானது. நாகர்கோவிலில் ஸ்கேன் பார்த்த டாக்டருக்கு முகம் மாறிவிட்டது.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு சுருங்கியிருக்கு. கொழுப்பா, குழாய்ச் சுவர்ல வீக்கமான்னு தெரியணும்லா? ரெண்டுக்கும் மருந்து வேற. அந்தச் சுவரையே பாக்குத எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுப்போம். இப்படியே விட்டா அடுத்தது பெருசா வரும்."

முதல் தடவை மெஷினுக்குள் பயந்து தலையை அசைத்துக் கெடுத்துவிட்டேன். சுவர் நூல் கனம்தானாம், கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடுமாம். மறுபடி போனபோது சேலத்துக்கார டெக்னீஷியன் ஹெட்போனை மாட்டிவிட்டு, "அசையாம படுங்க சார்" என்று கதவைச் சாத்தினார். மெஷின் தடதடவென்று தட்டியது. மூச்சு முட்டியது, அவசரத்துக்கு என்று கையில் கொடுத்த பந்தை அமுக்கப் போனேன், அப்போதுதான் காதருகே ஸ்டெல்லா.

"அனங்காம கெடங்க. இன்னும் ஒண்ணு உண்டு."

தினமும் என் கண்ணில் மருந்து விடும்போது அவள் சொல்வது அது. ஒரு கண்ணில் விட்டதுமே நான் எழப் பார்ப்பேன், மறு கண்ணுக்காக அதட்டுவாள். சத்தியமாகச் சொல்கிறேன், பயமே வரவில்லை. அழுகைதான் வந்தது, அழுதால் தலை அசையுமே என்று அதையும் அடக்கிக்கொண்டேன். என்னை அதட்ட ஓர் ஆள் இல்லாமல் எத்தனை நாள் ஆகியிருந்தது! ஸ்கேன் முடியவே கூடாது என்றிருந்தது.

படம் தெளிவாக விழுந்தது. சுவரில் வீக்கம்தான். மாத்திரையில் பிழைத்துக்கொண்டேன். என் ஏக்கம்தான் குரலாகக் கேட்டது என்று நானும் விட்டிருப்பேன், ஆனால் அன்று என்னை எழுப்பி உட்காரவைத்த டெக்னீஷியன் ஒன்று கேட்டார்.

"சார், உள்ள உங்களைத் தவிர யாருமில்ல. மைக்ல ஒரு அம்மா குரல் கேட்டுச்சு. 'அனங்காம'ன்னா என்ன சார்?"

அசையாமல் என்று அர்த்தம் சொன்னேன்.

இப்போது நானே மருந்து விட்டுக்கொள்கிறேன். ஒரு கண்ணில் விட்டதும் கை தானாக நின்றுவிடுகிறது. அன்று மெஷினுக்குள் கண்மருந்து ஏது? டாக்டர் பெருசா வரும் என்ற அடுத்ததைத்தானோ என்னவோ, அவள் சொன்ன அந்த ஒண்ணு இன்னும் வரவில்லை.